பெயர் சொல்லி அழைத்தல்

ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் தைக்கப்படும் காலணி, கப்பலேறும் முன்னரே வேறொரு பெயரைப் பெற்றுவிடுகிறது. தோலைப் பதனிட்டவரின் பெயர் அதில் இல்லை. வெட்டியவர், தைத்தவர், ஒட்டியவர் பெயரும் இல்லை. ஐரோப்பிய நகரம் ஒன்றில் உள்ள வணிக நிறுவனத்தின் பெயர் அதன் உள்ளங்காலில் பொறிக்கப்படுகிறது. வணிகத்தில் இது வழக்கம். யாரும் குறை சொல்வதில்லை.

இப்போது அதே ஊர்களிலிருந்து காலணிகளோடு பிள்ளைகளும் கடல் கடக்கிறார்கள். ஷூ கம்பெனியில் வேலை செய்யும் தாயின் சேமிப்பும் வங்கிக் கடனும் சேர்ந்து, பட்டம் பெற்ற மகனையோ மகளையோ ஜெர்மனிக்கும் அயர்லாந்துக்கும் கனடாவுக்கும் மேற்படிப்புக்கு அனுப்பி வைக்கின்றன. போன சில வாரங்களில் அவர்கள் எதிர்கொள்ளும் கேள்விகளுள் ஒன்று, உன்னை எப்படி அழைப்பது என்பது. ஆரோக்கியமேரியும் அருள்செல்வனும் அந்நாட்டு ஆசிரியரின் நாவுக்கு எளிதில் அடங்குவதில்லை. சுருக்கமாக ஓர் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டால் வசதி என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சீனாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்த மாணவர் பலர் அப்படி ஒரு பெயரோடுதான் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. தமிழருக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கி முன்னே வைப்பது நம் வழக்கம். 1929-ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டுக்குப் பின் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து நீக்கும் வழக்கம் தமிழகத்தில் பரவியதால், அந்த ஒற்றை எழுத்து நமக்கு ஒரு சமூக விடுதலையின் அடையாளமும் ஆயிற்று. ஆனால் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கென ஒரு கட்டம் இருக்கிறது. அதில் தந்தையின் பெயர் போய் அமர்கிறது. விளைவாக, அயல்நாட்டு வகுப்பறையில் பேராசிரியர் 'ஆரோக்கியசாமி' என்று அழைக்கும்போது, ஆம்பூரில் இருக்கும் தந்தைக்குப் பதிலாக மகன் எழுந்து நிற்கிறான்.

இதைச் சிறிய செய்தி என்று ஒதுக்கிவிடலாம். ஆயினும் கல்விக்காகவும் வாழ்வுக்காகவும் பெயரை மாற்றிக்கொள்ளுதல் நெடிய வரலாறு உடையது. அந்த வரலாற்றில் திருச்சபைக்கும் பங்கு உண்டு. நம் மாவட்டத்துக்கும் பங்கு உண்டு. அதை அறிந்துகொண்டு முடிவெடுப்பது, அறியாமல் முடிவெடுப்பதைவிட நல்லது.

வெளிநாட்டில் கல்வி கற்கச் சென்று பெயர் மாற்றப்பட்ட மாணவர்களைத் திருவிவிலியத்திலேயே காண்கிறோம். யூதாவிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட நான்கு இளைஞர் கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் மூன்று ஆண்டுகள் கற்க வேண்டும் என்பது அரச ஆணை. முதல் வேலையாக அரசவை அலுவலர் அவர்களுக்குப் புதுப் பெயர் சூட்டினார். தானியேல் பெல்தசாச்சார் ஆனார். அனனியா சாத்ராக்கு ஆனார். மிசாவேல் மேசாக்கு ஆனார். அசரியா ஆபேத்நெகோ ஆனார் (தானி 1:6-7). எபிரேயப் பெயர் நான்கிலும் இஸ்ரயேலின் கடவுள் பெயர் ஒலித்தது. தானியேலுக்கு இட்ட புதிய பெயரோ தன் தெய்வத்தின் பெயர் என்று நெபுகத்னேசரே பின்னர் சொல்கிறான்.

இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அரசனின் உணவை உண்ண அந்த இளைஞர்கள் மறுத்தார்கள். பெயரை மறுத்ததாக நூல் சொல்லவில்லை. அரசவையில் அந்தப் பெயர்களாலேயே அழைக்கப்பட்டார்கள். அந்தப் பெயர்களோடே பதவியும் வகித்தார்கள். ஆனால் தானியேல் தம் இல்லத்துக்குத் திரும்பித் தோழர்களிடம் பேசும்போது அவர்கள் அனனியா, மிசாவேல், அசரியா என்றே குறிக்கப்படுகிறார்கள் (தானி 2:17). தீச்சூளை நிகழ்ச்சி இன்னும் தெளிவானது. அவர்களைச் சூளையில் எறியச் சொல்லும் அரசன் சாத்ராக்கு, மேசாக்கு, ஆபேத்நெகோ என்கிறான். சூளைக்குள்ளே நடந்ததைச் சொல்லும் பகுதி, கத்தோலிக்கராகிய நம் திருவிவிலியத்தில் தானியேல் இணைப்புகளில் இடம் பெற்றுள்ளது. அங்கே நெருப்பின் நடுவில் நின்று மன்றாடுபவர் அசரியா. ஆண்டவரைப் புகழுமாறு படைப்பு முழுவதையும் அழைத்துவிட்டு, இறுதியில் தங்களையே அழைக்கும்போது மூவரும் தங்கள் தாய்வீட்டுப் பெயர்களையே சொல்லிக்கொள்கிறார்கள். குருக்களும் துறவியரும் ஞாயிறு காலைப்புகழில் சொல்லும் அந்தப் பாடலில் பாபிலோன் பெயர் எதுவும் இல்லை.

அரசவையில் ஒரு பெயரும் செபத்தில் ஒரு பெயருமாக அவர்கள் வாழ்ந்தார்கள். முதற்பெயரை மறவாதிருந்ததால் இரண்டாம் பெயர் அவர்களை விழுங்கவில்லை.

நம் கரைகளுக்கு வருவோம். 1513-ஆம் ஆண்டில் கோழிக்கோட்டுச் சாமூதிரி ஓர் இளைஞரை லிஸ்பனுக்கு அனுப்பினார். போர்ச்சுக்கல் அரசவையில் திருமுழுக்குப் பெற்ற அவர், ஜோவான் தா குரூஸ் என்னும் பெயரும் வீரப்பட்டமும் பெற்றுத் தாயகம் திரும்பிக் குதிரை வணிகம் செய்தார். 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர் இடர்ப்பட்டபோது, போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடித் திருமுழுக்குப் பெறும் வழியைக் காட்டியவர் அவரே. வரலாறு அவரைப் போர்ச்சுக்கீசியப் பெயராலேயே அறியும். அவர் காட்டிய வழியில் சென்ற மக்களும் பெர்னாண்டோ, ரோச், கோஸ்தா, வாஸ், மச்சாடோ என்னும் பெயர்களைப் பெற்றார்கள். தூத்துக்குடியிலும் மணப்பாட்டிலும் அப்பெயர்கள் இன்றும் பெருமையோடு வழங்குகின்றன. நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நாவில் புழங்கிய பெயரை அயல் பெயர் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனாலும் அந்நாளில் பெயரும் சமயமும் ஆட்சியும் ஒன்றாகக் கலந்தே வந்தன என்பதை மறுக்க முடியாது.

கேரளத்தில் இதே நிலை வேறு உருவில் தோன்றியது. 1663-இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட பறம்பில் சாண்டி, இந்திய மண்ணில் பிறந்து ஆயரான முதற்சிலருள் ஒருவர். ஐரோப்பிய ஆவணங்களில் அவர் அலெக்சாண்டர் தெ கம்போ. சாண்டி என்பது அலெக்சாண்டரின் மலையாள வடிவம். பறம்பு என்றால் நிலம். அதைப் போர்ச்சுக்கீசிய மொழியில் கம்போ ஆக்கிவிட்டார்கள். வீட்டுப் பெயர்கூட மொழிபெயர்க்கப்பட்டு உரோமைக்குப் போயிற்று.

இந்த ஓட்டத்தை எதிர்த்திசையில் திருப்பியவர்கள் மதுரை மறைப்பணித்தளத்தார். 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, கிறிஸ்தவராவது பரங்கிக் குலத்தில் சேர்வது என்று மக்கள் எண்ணியிருந்ததைக் கண்டார். அந்த எண்ணத்தை மாற்றச் சொற்பொழிவு மட்டும் போதாது என்றுணர்ந்து, முதலில் தம் உடையையும் உணவையும் பெயரையும் மாற்றினார், தத்துவபோதகர் ஆனார். அவர் வழியில் வந்த ஜான் தெ பிரிட்டோ அருளானந்தர் ஆனார். கொன்ஸ்தான்சோ பெஸ்கி தைரியநாதர் ஆகி, பின்னர் வீரமாமுனிவராகத் தமிழர் நெஞ்சில் நிலைத்தார். சீனாவில் மத்தேயோ ரீச்சி 'லீ மாதோ' என்று பெயர் பூண்டதும் அதே காலத்து இயேசு சபை வழக்கமே. கற்கச் சென்றவர், தாம் சென்ற நாட்டாரின் நாவுக்கு ஏற்பத் தம் பெயரை வளைத்துக்கொண்டார். இன்று நம் மாணவரிடம் எதிர்பார்க்கப்படுவதும் வெளித்தோற்றத்தில் அதேதான். வேறுபாடு எங்கே? நொபிலியை எவரும் கட்டாயப்படுத்தவில்லை. பெயர் மாற்றாவிட்டால் அவருக்கு இடம் கிடையாது என்ற அச்சமும் இல்லை. அன்பின் பொருட்டுத் தாமே முன்வந்து மாற்றிக்கொண்டார்.

அக்காலத்தில் புனிதர் பெயர்களும் தமிழாயின. வெறும் ஒலிபெயர்ப்பாக அல்லாமல் பொருளறிந்து செய்த மொழிபெயர்ப்பு அது. பவுல் என்னும் இலத்தீன் சொல் சிறியவர் எனப் பொருள்படுவதால் சின்னப்பர் பிறந்தார். யோவான் என்னும் எபிரேயச் சொல்லில் கடவுளின் அருள் இருப்பதால் அருளப்பர் பிறந்தார். அந்திரேயா என்னும் கிரேக்கச் சொல் ஆண்மையையும் வலிமையையும் குறிப்பதால் பெலவேந்திரர் பிறந்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் நீலகண்டர் திருமுழுக்குப் பெற்றபோது இலாசர் என்ற பெயர் அவருக்குத் தேவசகாயம் என்று வழங்கப்பட்டது. கடவுள் உதவினார் என்பதே அந்த எபிரேயப் பெயரின் பொருள். 1752-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே சுட்டுக் கொல்லப்பட்ட அவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2022-ஆம் ஆண்டு மே 15 அன்று புனிதராக உயர்த்தினார். அப்போது அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப்பட்டம் திருச்சபையின் வழக்கிலிருந்து நீக்கப்பட்டது. திருமுழுக்கில் பெற்ற பெயர் மட்டும் எஞ்சியது.

திருச்சபைச் சட்டமும் இத்துறையில் ஒரே நிலையில் இருந்ததில்லை. 1704-இல் புதுச்சேரியில் தூர்னோன் வெளியிட்ட ஆணை, திருமுழுக்கில் புனிதர் பெயரே இடப்பட வேண்டும் என்றது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, பெற்றோர் கிறிஸ்தவப் பெயர் இட இசையாவிட்டால் குருவே ஒரு புனிதரின் பெயரைச் சேர்த்து இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு (எண் 855), கிறிஸ்தவ உணர்வுக்கு மாறான பெயர் இடப்படாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. எனவே இன்று அன்பரசனும் கயல்விழியும் திருமுழுக்குத் தொட்டியருகே தயக்கமின்றி வரலாம். இதற்கிடையே 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியத்தில் இராயப்பரும் சின்னப்பரும் அருளப்பரும் பேதுரு, பவுல், யோவான் என்று மாறினார்கள். கிறிஸ்தவ ஒன்றிப்புக்காக நாம் விரும்பிக் கொடுத்த விலை அது. பழைய பெயர்கள் இப்போது நம் பெரியவர்களின் பெயர்களில் வாழ்கின்றன. 1993 முதல் 2005 வரை வேலூரின் ஆயராயிருந்து, பின் சென்னை-மயிலைப் பேராயரான மலையப்பன் சின்னப்பா ஆண்டகையின் பெயர் அதற்குச் சான்று.

கல்விக்காகவே பெயர் மாறிய கதைக்கு யாழ்ப்பாணம் செல்ல வேண்டும். அமெரிக்க மறைப்பணியாளர்கள் 1823-இல் வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கல்விக் கழகத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய விடுதிப் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளின் செலவை அமெரிக்கக் கிறிஸ்தவர்கள் ஏற்றார்கள். பணம் அனுப்பியவர் தாம் விரும்பிய பெயரைப் பிள்ளைக்குச் சூட்டலாம் என்பது ஏற்பாடு. இறந்த உறவினரின் பெயரையோ போற்றிய போதகரின் பெயரையோ ஒரு தமிழ்ச் சிறுவன் சுமந்தான். நல்ல நோக்கம்தான், உதவி பெற்ற குடும்பங்கள் நன்றியோடும் இருந்தன. எனினும் கல்விக்கு ஈடாகப் பெயர் கொடுக்கப்பட்டது என்பதே உண்மை.

அந்தப் பிள்ளைகள் பிற்காலத்தில் என்ன செய்தார்கள் என்பது சிந்திக்கத்தக்கது. சதாசிவம்பிள்ளை ஆர்னல்டு என்னும் பெயரோடே கிறிஸ்தவராக வாழ்ந்து, 'உதயதாரகை' இதழை நடத்தி, தமிழ்ப் புலவர்களின் வரலாறான 'பாவலர் சரித்திர தீபக'த்தை 1886-இல் வெளியிட்டார். கரோல் விசுவநாதபிள்ளையும் தாமோதரம்பிள்ளையும் 1857-இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் ஆனார்கள். தாமோதரம்பிள்ளை சைவத்துக்குத் திரும்பி, வீரசோழியத்தையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்தார். ஆங்கில ஏடுகளில் அவர் சி.டபிள்யூ. தாமோதரம்பிள்ளை, தமிழில் சி.வை. தாமோதரம்பிள்ளை. தமிழ் முதலெழுத்துகள் அவர் பிறந்த சிறுப்பிட்டியையும் தந்தை வைரவநாதரையும் சுட்டுகின்றன. அவர் மகன் அழகசுந்தரமோ பிரான்சிஸ் கிங்ஸ்பரி ஆகிக் கிறிஸ்தவப் போதகரானார். வில்லியம் நெவின்ஸ் என்னும் பெயர் பூண்ட சிதம்பரப்பிள்ளை 1886-இல் தொடங்கிய பள்ளியே பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. ஒரே வகைப் பெயரைச் சுமந்தவர்கள் வெவ்வேறு பாதைகளில் நடந்தார்கள். பெயரை வழங்கியவர் அதைச் சுமந்தவரின் உள்ளத்தை வாங்கிவிடவில்லை.

யாழ்ப்பாணத்துக்கும் வேலூருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அங்கே பண்டத்தரிப்பில் பணியாற்றிய மருத்துவர் ஜான் ஸ்கடர், 1836-இல் சென்னைக்கு வந்தார். அவர் மக்கள் 1853-இல் வேலூரை மையமாகக் கொண்டு ஆர்க்காடு மிஷனை நிறுவினார்கள். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர் 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவர் உருவாக்கிய மருத்துவமனையை உலகம் அறியும். வேலூரிலும் அமெரிக்கக் கொடையாளரின் பெயர்கள் நிலைத்தன. ஆனால் அவை ஊரிசுக் கல்லூரியின் முகப்பிலும் ஷெல் மருத்துவமனையின் சுவரிலும் நிலைத்தன. ஊரிசுக் கல்லூரியில் பயின்ற இராதாகிருஷ்ணன், இராதாகிருஷ்ணனாகவே ஆக்ஸ்போர்டுக்குப் போய்ப் பாடம் சொன்னார். கொடையாளரின் பெயரைக் கட்டடம் தாங்கலாம். பிள்ளைமீது அதை ஏற்ற வேண்டியதில்லை.

இதுவரை சொன்னவை பிறர் கதைகள். தோல் தொழில் வட்டாரத்துக் கத்தோலிக்கர் தம் வீட்டுக் கதையையும் பார்க்க வேண்டும். 1950-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினருக்குரிய உரிமைகளை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. திருமுழுக்குத் தண்ணீர் சாதி இழிவைக் கழுவிவிட்டது என்று சட்டம் கருதுகிறது. தெருவும் கிணறும் சுடுகாடும் அப்படிக் கருதவில்லை. இந்த முரண்பாட்டுக்கு நடுவே வாழும் எத்தனையோ குடும்பங்களில் ஒரு பிள்ளைக்கு இரண்டு பெயர்கள். பங்குப் பதிவேட்டில் ஒன்று. பள்ளிச் சான்றிதழில் மற்றொன்று. கோவிலில் அந்தோணி, கல்லூரியில் வேறொருவன்.

ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்ளும் மாணவனைப் பார்த்து வேர் மறந்தவன் என்று பேசுவது எளிது. தன் சொந்த மாவட்டத்தில், தன் தாய்மொழியில், படிப்புக்காகவும் வேலைக்காகவும் திருமுழுக்குப் பெயரை மறைத்துக்கொள்ள நேர்ந்த பிள்ளையைப் பார்த்து என்ன பேசுவது? அவனைக் கோழை என்பவர் அவன் தந்தையின் கூலியையும் கல்லூரிக் கட்டணத்தையும் எண்ணிப் பார்த்ததில்லை. குற்றம் பெயரை மறைப்பவனிடத்தில் இல்லை. மறைத்தால்தான் உரிமை என்று வைத்திருக்கும் ஏற்பாட்டில் இருக்கிறது. ஆகஸ்டு 10-ஐத் திருச்சபை கறுப்பு நாளாகக் கடைப்பிடிப்பது இதனால்தான். 2022-இல் மத்திய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதை ஆராய ஓர் ஆணையத்தை அமைத்தது. அதுபற்றி நம் பங்குகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஞாயிறு மறையுரைக்குப் பின் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதை மக்களுக்கு விளக்குவது வழிபாட்டுக்குப் புறம்பான செயல் ஆகாது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் அளவுகோல் எது? பெயர் மாறியதா, மாறவில்லையா என்பது முதற்கேள்வி அன்று. யார் மாற்றச் சொன்னார், எதற்கு ஈடாகச் சொன்னார், மாற்றிக்கொண்டவர் தம் முதற்பெயரை எங்கே வைத்திருக்கிறார் என்பவையே கேள்விகள். ஆபிராம் ஆபிரகாம் ஆனதும் சீமோன் கேபா ஆனதும் அழைப்பின் கொடைகள். அவர்களிடம் ஈடு எதுவும் கேட்கப்படவில்லை. நல்ல ஆயர் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் (யோவா 10:3). உயிர்த்த ஆண்டவரைத் தோட்டக்காரர் என்று எண்ணி நின்ற பெண், தன் பெயர் அழைக்கப்பட்டவுடன் அவரை அடையாளம் கண்டுகொண்டார் (யோவா 20:16). அப்பெண் சொன்ன மறுமொழி அவருடைய வீட்டு மொழியில் இருந்தது என்பதையும் யோவான் பதிவு செய்திருக்கிறார்.

ஆகவே கடல் கடக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்கவை சில உண்டு. சுருக்கப் பெயர் வேண்டுமானால் உங்கள் பெயருக்குள்ளிருந்தே அதை எடுத்துக்கொள்ளுங்கள். அருள்செல்வன் 'அருள்' ஆகலாம்; ஆரோக்கியமேரி 'மேரி' ஆகலாம். முதல் நாளிலேயே முழுப்பெயரை ஒருமுறை நிறுத்திச் சொல்லி, அதன் பொருளையும் சொல்லுங்கள். செருமானியரின் நீண்ட பெயர்களை நாம் கற்றுக்கொள்வதுபோல அவர்களும் கற்றுக்கொள்வார்கள். அப்படியும் வேறு பெயர் தேவைப்பட்டால் குற்ற உணர்வின்றி ஏற்றுக்கொள்ளுங்கள், தானியேலும் ஏற்றுக்கொண்டார். ஆனால் செபிக்கும்போதும் வீட்டுக்குப் பேசும்போதும் நீங்கள் யார் என்பதை மறவாதீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். திருமுழுக்குச் சடங்கில் குரு முதலில் கேட்பது, குழந்தைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள் என்பதுதான். அந்தக் கேள்விக்கு இணையத்தில் தேடி எடுத்த, பொருள் தெரியாத ஒலி ஒன்றை விடையாகச் சொல்லாதீர்கள். பாட்டி பெயரோ, புனிதர் பெயரோ, நல்ல தமிழ்ப் பெயரோ, எதுவானாலும் ஏன் இட்டீர்கள் என்று பிள்ளைக்கு ஒருநாள் சொல்லுங்கள். தன் பெயருக்குக் காரணம் தெரிந்த பிள்ளை, டப்ளினில் யாராவது கேட்டால் பதில் சொல்லத் திணறாது.